ஒரு மன்னிப்பு போதும் என்றார்கள்

என் அறைக்கு வருகிற மாணவர்கள் யாரும் கதவைச் சாத்துவதில்லை. பழைய கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறை அது. சாத்தினால் காற்று வராது. அந்த வியாழக்கிழமை மதியம் மாதேஷ் உள்ளே வந்தவுடன் கதவைச் சாத்தினான். கை தாழ்ப்பாளைத் தேடியது. தாழ்ப்பாள் இல்லை என்று தெரிந்ததும் முதுகைக் கதவில் வைத்து நின்றுகொண்டான்.

“என்னப்பா?” என்றேன்.

“காலேஜ் கேட்டுகிட்ட ஆளுங்க நிக்கறாங்க சார். என் பேரைச் சொல்லிக் கேக்கறாங்களாம்.”

பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான வழிகாட்டிப் பொறுப்பை நம் கல்லூரியில் புதிதாக ஏற்றிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். உதவித்தொகை விண்ணப்பம், விடுதி இடம், சான்றிதழ் இவை பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள், கொஞ்ச நாளில் உங்களுக்கே பழகிவிடும். பழகாத ஒன்று உண்டு. ஒரு மாணவன் கதவில் சாய்ந்து இப்படி நிற்கும்போது, உங்களைச் சுற்றியுள்ள நல்ல மனிதர்கள் எல்லோரும் ஒரே யோசனையைச் சொல்வார்கள். கேட்கச் சுலபமாக இருக்கும். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றும். நான் பணியில் இருந்த காலத்தில் மிக அதிகமாகப் பயந்தது அந்த யோசனைக்குத்தான்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். சாதிப் பெயர்களை எழுதவில்லை. ஊர் என்று சொன்னால் நிலம் வைத்திருப்பவர்களின் தெருக்கள். காலனி என்று சொன்னால் ஊரைத் தாண்டி எங்கள் சனங்கள் இருக்கும் இடம். இந்த விவரம் போதும்.

மாதேஷ் வரலாறு இரண்டாம் ஆண்டு. ஏரியூர்ப் பக்கத்துக் காலனிப் பையன். அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார், அவ்வப்போது வந்து போவார். அம்மாவும் தங்கையும் வீட்டில். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். கூச்சமில்லாத பையன். மேசையைத் தூக்க வேண்டுமா, மைக் சரிசெய்ய வேண்டுமா, யாரும் கேட்பதற்கு முன்னால் எழுந்து வருவான். ஆசிரியர்களுக்கு இப்படிப்பட்ட பையன்களைப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது, கொஞ்சம் கவலையாகவும் இருந்தது.

தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான்.

ஆசிரியர் வேலைக்கு வருவதற்கு முன் நான் சில வருடங்கள் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். படம் என்று ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதன் ஓரங்களைப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. நடுவில் முழங்கால் தண்ணீரில் மாதேஷ் நிற்கிறான். பரிசலின் விளிம்பில் கால் வைத்து இறங்குகிற பெண் கௌசல்யா, அவன் வகுப்பு மாணவி. அவள் கை அவன் கையில் இருக்கிறது. இருவரும் சிரிக்கிறார்கள். வலது ஓரத்தில் வேறொருவரின் முழங்கையும் பச்சைச் சேலையின் ஒரு துண்டும் தெரிகின்றன. அதற்கு அப்பால் இருந்ததை யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். அந்த வாரத் தொடக்கத்தில் வரலாற்றுத் துறை மாணவர்கள் ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா போனார்கள். பரிசல் பாறை ஓரம் ஒதுங்கியதும் மாதேஷ் முதல் ஆளாகக் குதித்து, ஒரு கையால் பரிசலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எல்லோரையும் இறக்கிவிட்டான். ஆண், பெண், ஆசிரியர் எல்லோரையும். இன்னொரு மாணவன் போனில் வரிசையாகப் படம் எடுத்தான். மறுநாள் அதில் ஒன்றை மட்டும் வெட்டி, ஒரு காதல் பாட்டைச் சேர்த்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வைத்தான். கிண்டல் என்று நினைத்து வைத்தது. நண்பர்கள் திட்டியதும் எடுத்துவிட்டான். அதற்குள் யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கௌசல்யாவின் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கௌசல்யாவின் வீடு ஊரில் இருக்கிறது. மாதேஷின் வீடு அதே ஊரைத் தாண்டி இருக்கும் காலனியில். இருவரும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள்.

“கௌசல்யா வந்திருக்காளா?”

“வரலை சார். போன் ஆஃப்ல இருக்கு.”

“நீ போன் பண்ணினியா?”

“இல்ல சார். ரெஹானாதான் பண்ணுச்சு.” ரெஹானா அவர்கள் வகுப்புப் பிரதிநிதி. பென்னாகரத்தில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள்.

மாதேஷ் அழைக்கவில்லை என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. “ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது இருக்கா?”

“ஐயோ சார்! பஸ்ல அது முன்னாடி ஒக்காரும், நான் பின்னாடி படியில நிப்பேன். நோட்ஸ் வேணும்னாக்கூட ரெஹானாகிட்டதான் வாங்குவேன். சத்தியமா ஒன்னுமில்ல சார்.”

இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டாக வேண்டும். இருக்கிறது என்று அவன் சொல்லியிருந்தாலும் அவனைக் காப்பாற்றுவது என் வேலைதான். ஆனால் எது உண்மை என்று தெரியாமல் வாசலுக்குப் போகக் கூடாது.

அவனை அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, மாடி வராந்தாவுக்குப் போய் வாசலைப் பார்த்தேன். பைக்குகள் சாலையைப் பார்த்துத் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தன. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர். கௌசல்யாவின் தாய்மாமன் அவர் என்று பிறகு தெரிந்தது. மற்றவர்கள் இளைஞர்கள். எதிர்க் கடையில் டீ வாங்கி வந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். காவலாளியிடம்கூட ஒரு டம்ளர் நீட்டினார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

முதல்வர் அறையில் ஏற்கெனவே பேச்சு நடந்துகொண்டிருந்தது. தாய்மாமன் உள்ளே வந்து பேசிவிட்டு வாசலுக்குத் திரும்பியிருந்தார். முதல்வர் நல்ல மனிதர். மாணவர்கள் மீது அக்கறை உள்ளவர். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

“ரொம்ப மரியாதையாப் பேசறார் சார். பையன் வந்து ஒரு வார்த்தை சாரி சொன்னாப் போதும், கௌம்பிடறோம்கிறார். கேஸு வேணாம், கம்ப்ளெய்ன்ட் வேணாம்கிறார். அஞ்சு நிமிஷ வேலை.”

காவல் நிலையத்துக்கும் போன் செய்திருந்தார்கள். அங்கே எடுத்தவர் ஆள் அனுப்புகிறேன் என்றார். கூடவே, “ஒரு சாரி சொல்லி அனுப்பி வுடுங்க சார், பையனுக்கும் அதான் நல்லது” என்றும் சொல்லியிருந்தார். உடற்கல்வி ஆசிரியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, “நான் பக்கத்துலயே நிக்கறேன் சார், ஒருத்தன் அவன் மேல கை வெச்சுடுவானா பாக்கறேன்” என்றார். வரலாற்றுத் துறைத் தலைவர் மேடம் மட்டும் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த அறையில் இருந்த யாருக்கும் மாதேஷ் மீது வெறுப்பு இல்லை. எல்லோரும் அவனுக்கு உதவத்தான் பார்த்தார்கள்.

நாளிதழில் என் மேசைக்கு மாவட்டச் செய்திகள் வரும். முதல் பத்தியில் ஒரு உடலோ, எரிந்த வீடோ இருக்கும். அப்படிப்பட்ட செய்திகளில் இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: ‘சமாதானம் பேசுவதற்காக அழைத்திருந்தனர்.’ இடம் போதாதபோது நாங்கள் அதைத்தான் முதலில் வெட்டுவோம். வெட்டினாலும் செய்தி குறையாது. முதல்வர் அஞ்சு நிமிஷ வேலை என்றபோது எனக்கு அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது.

“பையன்கிட்ட கொஞ்சம் பேசிட்டு வந்துடறேன் சார்” என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போனேன்.

மாதேஷ் அதற்குள் முடிவுக்கு வந்திருந்தான். முகம் கழுவி, தலை வாரி, சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தான்.

“நான் போய் சாரி சொல்லிட்டு வந்துடறேன் சார்.”

“ஏன்?”

“எங்கம்மா ஊருக்குள்ள போய்த்தான் சார் ரேஷன் வாங்கணும். பஸ் ஏறணும்னாலும் அங்கதான். தங்கச்சி பள்ளிக்கூடம் அங்க இருக்குது. நான் சொல்லாம வுட்டா இதுங்களைக் கேப்பாங்க சார். ஒரு வார்த்தைதான, சொல்லிடறேன்.”

“சரி. அங்க என்ன சொல்லப்போறயோ அதை இப்ப எங்கிட்ட சொல்லு.”

அவன் நேராக நின்றான். யாரும் சொல்லாமலே கைகளைக் கட்டிக்கொண்டான். “அண்ணா, தெரியாமப் பண்ணிட்டேன்ணா.”

“எதைத் தெரியாமப் பண்ணின?”

“அதான்… போட்டோ.”

“போட்டோ நீ எடுக்கலையே. அவங்க கேப்பாங்க. நீ என்னடா பண்ணினன்னு கேப்பாங்க. சொல்லு.”

“கௌசல்யா கையப் புடிச்சது தப்புதான்ணா. இனிமே அது பக்கமே போவமாட்டேன்.”

“இன்னொரு தடவை சொல்லு.”

மறுபடி சொன்னான். பாதியில் குரல் இறங்கியது.

“வெளியில நிக்கறவங்க கையில போன் இருக்குது. நீ சொல்றதைப் படம் புடிப்பாங்க. நாளைக்குக் காலையில அது ஊர் பூரா ஓடும். அதுல நீ மட்டுமா இருப்ப?”

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

“போட்டோவைப் பாத்து ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லலாம். பரிசல்ல எறங்கினாங்கன்னு ஒருத்தர் சொன்னாக்கூட அது நிக்கும். நீயே வாயால தப்புன்னு சொல்லிட்டா அப்புறம் அந்தப் பொண்ணு என்ன சொன்னாலும் யாரு கேப்பாங்க?”

“அப்புறம் அது காலேஜுக்கே வராது சார்” என்றான் மெதுவாக. “நிறுத்திடுவாங்க.” பிறகு சுவரோரம் தரையில் உட்கார்ந்தான். தனக்கு வரும் எந்த அவமானத்தையும் விழுங்கத் தயாராக இருந்த பையன், அவளும் அதில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அசையவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டான்: “அப்ப நான் எப்பிடி சார் வூட்டுக்குப் போறது?”

“இங்கயே இரு. யார் வந்து கூப்பிட்டாலும் நான் வராம வெளிய வராத. முதல்வர் கூப்பிட்டாலும்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நம் கல்லூரிகளில் சாரி என்பது தினசரிப் பழக்கம். தாமதமாக வந்தால் சாரி, தலைமுடி வெட்டாவிட்டால் சாரி, வகுப்பில் சிரித்தால் எழுந்து நின்று சாரி. நாமே கேட்டு வாங்குகிறோம். அந்தப் பீரியட் முடிவதற்குள் அதை மறந்தும்விடுகிறோம். அதனால்தான் முதல்வருக்கு அது சின்ன விஷயமாகப் பட்டது. காலனிப் பையன் ஊர்க்காரர் முன்னால் நின்று சொல்கிற சாரி வேறு. அது எந்தப் பீரியடோடும் முடியாது. அவன் தப்புச் செய்தான் என்பதற்கு அவனே கொடுத்த சாட்சியாக அது அங்கேயே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பேச. இதை நீங்கள் உங்கள் முதல்வருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அவர் ஏற்றுக்கொள்ளச் சிரமப்படுவார்.

எங்கள் முதல்வரும் சிரமப்பட்டார். “அப்ப என்னதான் சார் பண்ணச் சொல்றீங்க? சாயந்திரம் பெல் அடிச்சா அத்தனை பசங்களும் அந்த கேட்டு வழியாத்தான் போகணும். ஏதாவது ஒன்னு ஆனா?” அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது.

நான் மாதேஷின் போனைக் கையில் கொண்டு வந்திருந்தேன். படத்தைத் திறந்து மேடத்திடம் நீட்டி அந்த ஓரத்தைக் காட்டினேன். “மேடம், இந்தப் பச்சைச் சேலை…”

“நான்தான்” என்றார் அவர். “கௌசல்யாவுக்கு அடுத்து நான்தான் எறங்கினேன். எனக்குக் கால் வழுக்கிடுச்சு. ரெண்டு கையாலயும் அவனைப் புடிச்சுகிட்டேன்.”

மேடம் வாசலில் நிற்பவர்களின் சாதியைச் சேர்ந்தவர். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“இதை நீங்க கேட்டுக்கு வந்து சொல்லணும் மேடம்.”

அவர் என்னைப் பார்த்தார். “எங்க அண்ணன் காதுக்குப் போகும் சார். எங்க வூட்டு விஷயம் உங்களுக்குத் தெரியாது.”

“தெரியும் மேடம்.”

“நீங்களே சொன்னா ஆகாதா சார்?” என்று முதல்வர் என்னிடம் கேட்டார்.

“எந்த ஊருன்னு ஒரு கேள்வி கேப்பாங்க சார். அதுக்கு மேல நான் சொல்றது எதுவும் அவங்க காதுல ஏறாது.”

மேடம் மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். பாட்டிலை மூடுவதற்கு இரண்டு மூன்று முறை முயன்றார். மூடி சரியாக உட்காரவில்லை. அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். “பையனைக் கூப்பிடாதீங்க” என்றார். “அவன் இருக்கற எடத்துலயே இருக்கட்டும்.”

முதல்வரும் மேடமும் முன்னால் நடந்தார்கள். நான் ஓரடி பின்னால் நின்றேன். உடற்கல்வி ஆசிரியரை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர் உடம்பைப் பார்த்தாலே இளைஞர்களுக்குக் கை அரிக்கும்.

தாய்மாமன் கும்பிட்டார். “வாங்க மேடம். பையன் எங்கங்க?”

“பையன் உள்ள இருக்கான். டூருக்குக் கூட்டிட்டுப் போனது நான். எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க.”

“உங்களை நாங்க ஒன்னும் சொல்லலைங்க. எங்க பொண்ணு கையப் புடிச்சிருக்கான், அதை நாலு பேரு பாக்கற மாதிரி போட்டும் வுட்டுருக்கான். ஒரு மன்னிப்புச் சொல்லச் சொல்லுங்க. போயிட்டே இருக்கோம்.”

“போட்டது அவன் இல்லைங்க. கையப் புடிச்சான், நெசந்தான். என் கையையும்தான் புடிச்சான்.”

ஒரு இளைஞன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். மேடம் அவன் பக்கம் திரும்பினார். “படம் புடிக்கறயா தம்பி? நல்லா கிட்ட வந்து புடி. பரிசல்ல இருந்து எறங்கறப்ப எனக்குக் கால் வழுக்குச்சு. அந்தப் பையன் என் ரெண்டு கையையும் புடிச்சு எறக்கி வுட்டான். இல்லைன்னா மண்டை பாறையில அடிபட்டிருக்கும். இப்ப என் கையப் புடிச்சதுக்கு யாருகிட்ட மன்னிப்பு கேக்கணும், சொல்லு?”

போன் மெல்லத் தாழ்ந்தது.

தாய்மாமன் அவரை உற்றுப் பார்த்தார். “மேடத்துக்கு எந்த ஊருங்க?”

மேடம் மொரப்பூர்ப் பக்கம் தன் ஊர்ப் பெயரைச் சொன்னார். தகப்பனார் பெயரையும் சொன்னார். தாய்மாமன் முகம் மாறியது. “அட, நம்ம வூட்டுப் பொண்ணுங்களா நீங்க? நீங்களே இப்பிடிப் பேசலாங்களா?”

“நம்ம வூட்டுப் பொண்ணுங்கறதாலதான் சொல்றேங்க. கௌசல்யா ஒரு தப்பும் பண்ணலை. மத்தவங்க பேச்சைக் கேட்டு அவளை நிறுத்திடாதீங்க. கிளாஸ்ல நல்லாப் படிக்கறவ. அடுத்த வாரம் டெஸ்ட் இருக்கு, அனுப்பி வைங்க.”

குரல் திடமாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு கை முந்தானையை இறுகச் சுருட்டிப் பிடித்திருந்தது. பின்னால் நின்ற எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

காவல் நிலையத்திலிருந்து ஒருவர் அப்போதுதான் வண்டியில் வந்து எதிர்ப்பக்கம் நின்றார். தாய்மாமன் அவரையும் பார்த்தார், மேடத்தையும் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“சரிங்க. உங்க வார்த்தைக்காகப் போறோம். சின்னப் பையன், பாத்து நடந்துக்கச் சொல்லுங்க. வூடு எங்க இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியும்.”

பைக்குகள் போயின. டவுன் பக்கம் போகவில்லை. ஏரியூர்ச் சாலையில் போயின.

இதை மேடத்தின் துணிச்சலைப் பற்றிய கதையாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. துணிச்சல்தான், சந்தேகமில்லை. அந்த வருடம் பொங்கலுக்கு அவர் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. நான் காரணம் கேட்கவில்லை. ஆனால் அதே வாக்கியத்தை ரெஹானா சொல்லியிருந்தால், நான் சொல்லியிருந்தால், மாதேஷின் அம்மா சொல்லியிருந்தால் வாசலில் நின்றவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். சொன்னவர் யார் என்பதைப் பார்த்துத்தான் அவர்கள் போனார்கள். எனக்கு அது கசப்பாக இருந்தது. அந்த மதியம் வேறு வழி இல்லாததால் அதைப் பயன்படுத்தினேன். இந்த வேலையில் யாருடைய வார்த்தை எங்கே எடுபடும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். அவர்களிடம் தயங்காமல் கேளுங்கள். அவர்கள் எதை இழக்கக்கூடும் என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

மாதேஷை அன்று வீட்டுக்கு அனுப்ப முடியாது. உடற்கல்வி ஆசிரியர், “பெங்களூருக்கு அப்பாகிட்ட அனுப்பிடலாம் சார், ஒரு வாரம் இருந்துட்டு வரட்டும்” என்றார். நான் ஒப்பவில்லை. ஒரு வாரம் என்று பெங்களூருக்குப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சும்மா இருப்பானேன் என்று கலவை போடப் போவார்கள். பிறகு பரீட்சைக்குக்கூட வர மாட்டார்கள். உயிருக்குப் பயந்து ஒளித்து வைக்கும்போதும் அவனைக் கல்லூரிக்கு எட்டுகிற தூரத்தில் வைக்க வேண்டும்.

படத்தைப் போட்ட பையன் அழுது வீங்கிய முகத்தோடு வராந்தாவில் நின்றிருந்தான். “டவுன்ல என் ரூமுக்கு வரட்டும் சார். நான் பாத்துக்கறேன்.”

“நீ பாத்துகிட்ட லட்சணம்தான் தெரியுதே” என்றாள் ரெஹானா. “ஸ்டேட்டஸ் போடாம ஒரு நாள் இருந்தா மூச்சு நின்னுடுமாடா உனக்கு?”

“வுடு ரெஹானா” என்றான் மாதேஷ். அன்று அவன் சாதாரணக் குரலில் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான். அந்தப் பையனின் அறைக்கே போனான்.

அவன் அம்மாவுக்கு நான் போன் செய்தேன். செய்தி ஏற்கெனவே போயிருந்தது.

“அவன் வூட்டுக்கு வர வேணாங்க சார். அங்கயே இருக்கட்டுங்க.”

“நீங்களும் ரெண்டு நாளைக்கு வெளிய போகாம இருங்கம்மா.”

“அதெப்பிடிங்க? நான் எப்பவும் போலப் போவேங்க. போவாம வுட்டாத்தான் ஏன் போவலைன்னு கேப்பாங்க. தப்புப் பண்ணினதாலதான் ஒளிஞ்சுகிட்டாங்கன்னு ஆயிடுமுங்க.”

“பயமா இல்லையாம்மா?”

“பயம்தாங்க. பயந்துகிட்டு வூட்டுலயே ஒக்காந்தா ஆச்சுங்களா?”

மறுநாள் வெள்ளிக்கிழமை கௌசல்யா வரவில்லை. திங்கட்கிழமை தாய்மாமன் தன் வண்டியில் அவளைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார். மாலையில் வந்து அழைத்துக்கொண்டு போனார். அந்தப் பருவம் முழுக்க அப்படித்தான். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மாதேஷ் முன்வரிசையிலிருந்து கடைசிக்குப் போய்விட்டான். இருவரும் பட்டம் வாங்கினார்கள். அதுவரை ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசி நான் பார்க்கவில்லை.

ஒரு பையனை நண்பன் அறையில் எவ்வளவு நாள் வைத்திருக்க முடியும்? இரண்டு வாரம் போனது. அவன் இளைத்துக்கொண்டே வந்தான். தங்கை போனில் அழுகிறாள் என்றான். அவன் அம்மா ஊருக்குள் போய் வந்துகொண்டிருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை என்றார். அது நல்லதா கெட்டதா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. கூடவே வருகிறோம் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் தடுத்தேன். ஆள் கூட்டிக்கொண்டு வந்தான் என்ற பேச்சு வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போது, கூட்டம் உள்ள பஸ்ஸில், தனியாகப் போகட்டும். அம்மாவும் தங்கையும் நிறுத்தத்தில் நிற்கட்டும். போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் செய்ய வேண்டும்.

சரியான முடிவுதானா என்று எனக்கு இன்றும் தெரியாது. இந்த வேலையில் பெரும்பாலான முடிவுகள் அப்படித்தான் இருக்கும். பதில் தெரிவதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

அன்று மதியம் நான் வீட்டில் போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் ஊருக்குள் நுழைந்திருக்கும் என்று நினைத்த நேரம் கடந்தது. காலனிக்கு நடந்து சேரும் நேரமும் கடந்தது. அவனை அழைக்கக் கை போனது. அழைக்கவில்லை. ஊர் நடுவில் நடந்துகொண்டிருக்கிறவன் பையில் போன் அடித்து, அவன் நின்று எடுத்து, யாரோ யாரிடமடா பேசுகிறாய் என்று கேட்டால்? என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். அப்புறம் என்றேன். நாளிதழில் நான் திருத்திய செய்திகளின் முதல் பத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் வந்தன. ஒவ்வொன்றிலும் அவன் பெயரை வைத்துப் படித்துவிட்டேன்.

போன் அடித்தது.

“வூட்டுல இருக்கேன் சார்” என்றான். பின்னால் தங்கை ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. “பஸ் பஞ்சர் சார், அதான் லேட்டு. அம்மா நிறுத்தத்துலயே நின்னுச்சு. கோயிலாண்ட ரெண்டு பேரு பாத்தாங்க. ஒன்னும் சொல்லலை.”

“சரிப்பா. சாப்பிட்டயா?”

“சாப்புடறேன் சார்.” தங்கையின் சத்தத்திலிருந்து தள்ளி வெளியே வந்துவிட்டான் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக் கேட்டான்: “சார், திங்கக்கிழமை காலையில நான் எந்த பஸ்ல வரட்டும்?”

அந்த வழியில் காலையில் கல்லூரிக்கு வருவது ஒரே பஸ்தான். அவனுக்கும் அது தெரியும்.

“எப்பவும் வர்ற பஸ்லயே வாப்பா” என்றேன்.

“சரிங்க சார்” என்று வைத்துவிட்டான். திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்கு வெகுமுன்பே நான் வாசலில் போய் நின்றேன். அந்த பஸ் வந்தது. முன்படியில் இறங்கியவர்களை நான் பார்க்கவில்லை. பின்படியில் இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக்கு முந்தின ஆளாக அவன் இறங்கினான்.